கத்தியும் கழுத்தும்: மடக்குக் கத்திச் சவரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பது வருடமாக மடக்குக் கத்தியில்தான் முகம் மழிக்கிறேன். இது தெரிந்தவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "பயமா இல்லையா?" என்பது. தாங்களும் கத்தி வாங்கிய பிறகு கேட்பதெல்லாம் கழுத்தைப் பற்றித்தான். கன்னம் இரண்டு மூன்று வாரத்தில் கைவந்துவிடுகிறது, கழுத்து மட்டும் ஆறு மாதமானாலும் சிவந்து, பொரிந்து, அங்கங்கே முள்ளாக நிற்கிறது என்று புலம்புகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸப்பில் தனித்தனியாக எழுதி அலுத்துப்போய், வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். கழுத்து என்று நான் சொல்வது தாடை எலும்புக்குக் கீழே தொடங்கி சட்டைக் காலர் வரைக்குமான முன்பக்கமும் பக்கவாட்டும். பிடரி வேறு கதை, கடைசியில் வரும்.

கன்னத்தில் ஒழுங்காகப் போகும் கத்தி கழுத்துக்கு வந்தால் மட்டும் ஏன் படுத்துகிறது?

முடி சாய்ந்திருக்கும் வாக்குதான் காரணம். கன்னத்தில் முடி பெரும்பாலும் காதுப் பக்கமிருந்து தாடை நோக்கி ஒரே வாக்கில் இறங்கும், கத்தியை மேலிருந்து கீழே இழுத்தால் போதும், தப்பு செய்வதே கஷ்டம். கழுத்து அப்படியில்லை. அறுவடை நேரத்து மழையில் சாய்ந்த நெல்வயலைப் பார்த்திருப்பீர்கள், ஒரு வயல் கிழக்கே படுத்திருக்கும், வரப்பைத் தாண்டினால் அடுத்தது வடக்கே படுத்திருக்கும். கழுத்து முடி அந்த ரகம். தாடைக்குக் கீழே கொஞ்ச தூரம் கீழ்நோக்கி வரும், குரல்வளைக்குப் பக்கத்தில் பக்கவாட்டில் திரும்பும், காலருக்கு மேலே உள்ள கடைசி இரண்டு மூன்று விரற்கடையில் பலருக்கு மேல்நோக்கித்தான் முளைத்திருக்கும். சிலருக்கு உச்சந்தலையில் இருப்பது மாதிரி கழுத்திலேயே ஒரு சுழி இருக்கும்.

இப்போது நாம் செய்வதைப் பாருங்கள். "முதலில் மேலிருந்து கீழ், அப்புறம் ரிவர்ஸ்" என்று மனப்பாடமாக வைத்திருக்கிறோம். தாடையிலிருந்து காலர் வரை ஒரே இழுப்பாக இழுத்தால் மேல்பாதி முடி வாக்கில் போகிறது, கீழ்பாதி எதிர்வாக்கில் போகிறது. முடி இன்னும் முழு நீளத்தில் நிற்கும் முதல் இழுப்பிலேயே, தோல் மிக மெல்லிசாக இருக்கும் இடத்தில், நமக்கே தெரியாமல் ரிவர்ஸ் போட்டுவிடுகிறோம். எரியாமல் என்ன செய்யும்? இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதுவரைக்கும் கத்தி மேல் பழி, சோப்பு மேல் பழி, கடைசியில் அப்பா வழி வந்த தோல் மேல் பழி.

இது போக, கழுத்தில் அடியில் எலும்பு கிடையாது, தோல் தளர்ந்திருக்கும், குழியும் மேடுமாக இருக்கும். அதற்கெல்லாம் கைப்பழக்கம் வந்துவிடும். வாக்குத் தெரியாமல் இழுத்தால் எந்தப் பழக்கமும் காப்பாற்றாது.

என் கழுத்தில் முடி எந்த வாக்கில் போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு நாள் சவரம் செய்யாமல் விடுங்கள். மூன்றாம் நாள் காலை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒரு விரலால் கழுத்தை மெதுவாகத் தடவுங்கள். வழுவழுவென்று போகும் பக்கம் முடி வாக்கு, உப்புத்தாள் மாதிரி உரசும் பக்கம் எதிர்வாக்கு. விரலில் தெளிவாகத் தெரியவில்லை என்றால் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்துத் தேயுங்கள், எதிர்வாக்கில் போனால் இழை இழையாகச் சிக்கிக்கொள்ளும். மேலும் கீழும் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது, இடவலமாகவும் கோணலாகவும் பார்க்க வேண்டும்.

பார்த்ததை ஒரு தாளில் கழுத்துப் படம் போட்டு அம்புக்குறிகளாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் செய்யுங்கள். என் தாள் இரண்டு மாதம் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது, வீட்டுக்கு வந்த சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு வீட்டுப் பத்திரத்து வரைபடம் என்று நினைத்துக்கொண்டார். எனக்கு இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்பது அந்தத் தாளில்தான் தெரிந்தது: வலது பக்கம் முடி காது நோக்கி ஏறுகிறது, இடது பக்கம் நேராகப் பிடரிக்குப் போகிறது.

சலூனில் பிளேடு மாட்டி வைத்திருக்கிறார்களே, அந்தக் கத்தி போதாதா?

போதும். ஆனால் அது வேறு கருவி என்று தெரிந்து வாங்குங்கள். சலூன்காரர் பிளேடை உறையோடு மடக்கி 'டக்' என்று இரண்டாக உடைத்து, பாதியைக் கத்திக்குள் செருகுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாதி பிளேடு மிகக் கூர்மையானது, மிக மெல்லியது, துளிகூட மன்னிக்காது. கோணம் கொஞ்சம் தவறினால் உடனே கோடு போட்டுவிடும். தீட்டிப் பயன்படுத்தும் முழுக்கத்தி கனமாக இருக்கும், நன்றாகத் தீட்டியிருந்தால் தோலில் மிருதுவாகப் போகும். என் அனுபவத்தில் கழுத்துக்கு முழுக்கத்திதான் இதம். ஆனால் அதைத் தீட்டத் தெரிய வேண்டும், அதுதான் பாதி வேலை.

பழைய சலூன்களில் எல்லாம் முழுக்கத்திதான் இருந்தது. சின்ன வயதில் எங்கள் ஊரில் முடிவெட்டும் தாத்தா கத்தியைத் தோல் வாரில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, கடைசியாகத் தன் உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டித் தீட்டுவார், நான் கண்ணை மூடிக்கொள்வேன். 1986இல் சென்னையில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. அதற்குப் பிறகு வந்த எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பிரசாரங்களோடு "புது பிளேடு போடுங்கண்ணே" என்று கேட்பது எல்லோருக்கும் வழக்கமாகி, ஒரே கத்தியை அடுத்தடுத்த ஆட்களுக்குப் போடுவது மெல்ல மறைந்தது. மறைந்ததும் நல்லதுதான், ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். வீட்டிலும் அதே விதி: உங்கள் கத்தி உங்களுக்கு மட்டும், தம்பிக்குக்கூட இரவல் கிடையாது.

எந்தக் கத்தி வாங்கலாம்?

ஜெர்மனியின் ஸோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, பிரான்ஸின் தியேர். இந்த மூன்று ஊர்ப் பெயரில் ஏதாவது ஒன்று அடியில் பொறித்த பழைய கத்தி, துரு பிடிக்காமல், கூர் விளிம்பில் பல் விழாமல் கிடைத்தால் யோசிக்காதீர்கள். புதுசு என்றால் டோவோ போன்ற ஸோலிங்கன் கத்திகள் நம் ஊருக்கு வந்து சேரும்போது பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். ஐந்நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் வரும் பளபள கத்தியை வாங்க வேண்டாம், நான் வாங்கினேன், கடிதம் பிரிக்கத்தான் ஆனது.

கத்தியின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் இத்தனை பங்கு என்று சொல்வார்கள். கழுத்துக்கு 5/8 சௌகரியம், தாடைக்கு அடியில் உள்ள குழியில் எளிதாகத் திரும்பும். 6/8க்கு மேல் போனால் கழுத்தில் சேலை உலர்த்துகிற மாதிரி இருக்கும். நுனி உருண்டையாக இருக்கட்டும். கூரான சதுர நுனி மீசை ஓரத்துக்கு அழகாக வேலை செய்யும், ஆனால் கற்றுக்கொள்ளும் காலத்தில் காது மடலையும் சேர்த்து வேலை செய்துவிடும்.

கத்தி போதுமான கூரில் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

கையில் உள்ள முடியை, தோலைத் தொடாமல் சற்று மேலேயே கத்தியை நகர்த்திப் பாருங்கள். முடி நுனிகள் உதிர்ந்தால் சரி. தோலில் வைத்து அழுத்தினால்தான் போகிறது என்றால் அந்தக் கத்தியைக் கழுத்துப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மழுங்கிய கத்தி கன்னத்தில் சும்மா இழுக்கும், கழுத்தில் பிடுங்கும்.

ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் வாரில் (ஒரு பக்கம் துணியும் மறுபக்கம் தோலுமான பட்டை) தீட்ட வேண்டும்: துணிப் பக்கத்தில் இருபது முப்பது இழுப்பு, தோல் பக்கத்தில் ஐம்பது அறுபது. கத்தியின் முதுகு, அதாவது கூருக்கு எதிர்ப்பக்கத் தடித்த விளிம்பு, முன்னே போகும், கூர் பின்னால் வரும். திருப்பும்போது முதுகின் மேல்தான் புரட்ட வேண்டும், கூரின் மேல் புரட்டினால் வாரும் போச்சு, கத்தியும் போச்சு. வாரை இறுக்கமாக இழுத்துப் பிடியுங்கள், தொய்ந்தால் கூர் உருண்டுவிடும். வேகம் வேண்டாம். அந்தப் பட் பட் சத்தம் பார்க்க அழகாக இருக்கும், நாற்பது வருடம் தீட்டியவர் செய்யட்டும்.

மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, வாரில் தீட்டியும் கூர் திரும்பாதபோது, கல்லில் போட வேண்டும். நம்பர் ஏற ஏறக் கல் நைசாகும்: புதுக் கூர் எடுக்க 1000 நம்பர் கல், அதன்பின் 4000, 8000, முடிக்க 12000. வழக்கமான பராமரிப்புக்குக் கடைசி இரண்டு கல் போதும். ஒரு விஷயம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: தெருவில் "கத்தி சாணை பிடிக்கிறது" என்று வருபவரிடம் இதைக் கொடுக்காதீர்கள். அவர் அரிவாள்மனையில் கெட்டிக்காரர். அந்தச் சக்கரத்தின் சூட்டில் சவரக்கத்தியின் எஃகு பதம் இழந்துவிடும்.

முகத்தை எப்படித் தயார் செய்வது?

குளித்துவிட்டு வாருங்கள், அவ்வளவுதான். முடி தண்ணீரை உறிஞ்சி மெத்தென்று ஆக இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும், அந்த நேரம் குளியலிலேயே கிடைத்துவிடும். குளிக்க நேரமில்லை என்றால் தேங்காய்ப்பூத் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து கழுத்தில் சுற்றிக்கொள்ளலாம். சித்திரை மாதத்தில் வெந்நீர்கூட வேண்டாம், மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே அந்த வேலையைச் செய்யும்.

நுரை வருவதே இல்லை என்று பலர் சொல்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி சோப்பு இல்லை, போர் தண்ணீர். உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரித் திரியாக அழுக்கு மாதிரி படிந்துவிடும், நுரை எழும்பாது. சவரத்துக்கு மட்டும் ஒரு டம்ளர் கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். அதே சோப்பு, அதே பிரஷ், வித்தியாசம் உடனே தெரியும். நுரை தயிர் பதத்தில் இருக்க வேண்டும், ஷேவிங் விளம்பரத்தில் வரும் மேகம் மாதிரி அல்ல. மேகத்தில் காற்றுதான் இருக்கும், கத்திக்கு வழுக்கல் கிடைக்காது.

ஃபேனை நிறுத்துங்கள். கன்னம் முடித்துக் கழுத்துக்கு வருவதற்குள் நுரை காய்ந்து அப்பளமாகிவிடும், அதன்மேல் கத்தி போனால் எரிச்சல் நிச்சயம். கழுத்துக்கு வரும்போது மறுபடி பிரஷ்ஷை நனைத்து ஒரு சுற்றுப் போட்டுக்கொள்ளுங்கள்.

கத்தியை எந்தக் கோணத்தில் பிடிப்பது?

மூன்று விரல் கத்தியின் கழுத்துக்கு (கூருக்கும் பிடிக்கும் நடுவிலுள்ள தண்டு) மேலே, கட்டைவிரல் அடியில், சுண்டுவிரல் பின்னால் வளைந்து நிற்கும் வாலில். முதுகைத் தோலோடு படுக்கவைத்து, பிறகு முதுகின் தடிமனில் ஒரு மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை தூக்குங்கள். கன்னத்தில் 30 டிகிரி வரை போகலாம், கழுத்தில் இன்னும் படுத்தாற்போல் வைப்பேன். நிமிர்த்தினால் சுரண்டும்.

அழுத்தவே கூடாது, கத்தியின் எடையே போதும். இழுப்பு சின்னதாக இருக்கட்டும், கட்டைவிரல் நகத்து நீளம், ரொம்பப் போனால் ஒரு அங்குலம். மிக முக்கியமாக, கத்தி தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது கூரின் நீளவாக்கில் நகர்த்தாதீர்கள். வெண்டைக்காய் அரியும் அசைவு அது. கழுத்தில் விழும் வெட்டுகளில் முக்கால்வாசி இப்படித்தான் விழுகிறது.

தோலை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறார்கள், கழுத்தில் எதைப் பிடித்து இழுப்பது?

கத்தி பிடிக்காத கைதான் உண்மையில் சவரம் செய்கிறது என்பேன். தளர்ந்த தோலில் கத்தி போனால் முன்னால் சின்ன அலை மாதிரி தோல் எழும்பும், அந்த அலையின் முகட்டைத்தான் கத்தி சீவுகிறது.

பொது விதி, கத்தி போகும் திசைக்கு எதிர்த் திசையில் தோலை இழுக்க வேண்டும். கழுத்தின் அடிப்பகுதியில் முடி மேல்நோக்கி வளர்ந்திருந்தால் கத்தியும் மேல்நோக்கிப் போகும், அப்போது மற்ற கை காறை எலும்புக்கு மேல் விரல்களை வைத்துக் கீழே இழுக்க வேண்டும். பக்கவாட்டுக்கு, முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கையைப் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோய்த் தோலைப் பின்னோக்கி இழுங்கள். தலையை அண்ணாந்தாலே தோல் இறுகிவிடும் என்று நினைத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், கண்ணாடியில் கழுத்தே தெரியாது. லேசாகத் தூக்கினால் போதும்.

விரல் வழுக்குகிறது என்றால், நனைத்த படிகாரக் கட்டியை விரல் நுனிகளில் ஒரு தேய் தேய்த்துக்கொள்ளுங்கள். பசை போட்ட மாதிரி பிடிக்கும். இந்த ஒரு தந்திரம் தெரிந்த நாளில் என் கழுத்துச் சவரம் பாதி நேரமாகக் குறைந்தது.

தாடைக்குக் கீழே குழியில் மட்டும் எப்போதும் நாலு முடி நின்றுவிடுகிறதே?

கத்தி நேர்க்கோடு, குழி வளைவு, இரண்டும் எப்படி ஒட்டும்? குழிக்குள் கத்தியைக் கொண்டுபோகாமல் குழியை வெளியே கொண்டுவாருங்கள். தாடைக்குக் கீழே உள்ள தோலைக் கன்னப் பக்கம் மேலே இழுத்தால் அந்த நாலு முடியும் தாடை எலும்பின் மேல் வந்து உட்காரும், எலும்பின் மேல் வைத்து எடுத்துவிடலாம். அப்படியும் நிற்பதற்கு, கத்தியின் நுனிப்பக்க மூன்றில் ஒரு பங்கை மட்டும் வைத்துச் சின்னச் சின்ன இழுப்பாக எடுங்கள்.

குரல்வளை மேட்டை எப்படித் தாண்டுவது?

தாண்டாதீர்கள். மேட்டின் தோலை இரண்டு விரலால் ஒரு பக்கமாக நகர்த்தினால் அது பக்கத்தில் உள்ள தட்டையான சதை மேல் வந்துவிடும், அங்கே வைத்து எடுங்கள், அப்புறம் மறுபக்கம் நகர்த்தி மீதியை எடுங்கள். எச்சிலை விழுங்கி அப்படியே நிறுத்தி வைத்தால் மேடு மேலே ஏறிக்கொள்ளும் என்பார்கள், உண்மைதான், ஆனால் கத்தி தோலில் இருக்கும்போது தொண்டை தானாக இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்வதில்லை.

எத்தனை தடவை போட வேண்டும்? ரிவர்ஸ் போட்டால்தானே மழமழவென்று வரும்?

முதல் சுற்று முடி வாக்கில். மறுபடி நுரை, இரண்டாம் சுற்று குறுக்குவாக்கில். கழுத்துக்கு இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கட்சி.

முகமுடி ஒரு நாளைக்குச் சுமார் 0.4 மில்லிமீட்டர் வளர்கிறது. ரிவர்ஸ் போட்டு நீங்கள் கூடுதலாக எடுக்கும் அந்தத் துணுக்கு சில மணி நேரத்தில் திரும்ப முளைத்துவிடும். காலை ஏழு மணிக்கு ரிவர்ஸ் போட்டவரையும் போடாதவரையும் சாயங்காலம் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் முடியில் வித்தியாசம் தெரியாது, ஆனால் போட்டவரின் காலர் உரசும் இடம் சிவந்திருப்பது தெரியும். அதுவுமில்லாமல் மழமழப்பை நாம் சோதிப்பது எப்படி? விரலை எதிர்வாக்கில் தேய்த்துத்தான். அப்படித் தேய்த்துத் தேய்த்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று காய்ந்த தோலில் கத்தி வைப்பதுதான் கழுத்தைக் கெடுக்கிறது. பார்வைக்குச் சுத்தமாக இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

கல்யாணம், ஃபோட்டோ என்றால் ரிவர்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், புது நுரையோடு, தோல் சுத்தமாக எரியாமல் இருந்தால் மட்டும். முந்தின நாள் போட்டுப் பார்க்காமல் முகூர்த்தத்தன்று முதன்முதலாக முயற்சி செய்யாதீர்கள்.

சவரம் செய்த மறுநாள் கழுத்தெல்லாம் பொரிப் பொரியாக வருகிறது. அலர்ஜியா?

சோப்பை மாற்றியதும் வந்திருந்தால் அலர்ஜியாக இருக்கலாம். எப்போதும் வருகிறது, உங்கள் முடி சுருள் முடி என்றால், பெரும்பாலும் முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்கிறது. டாக்டர்கள் சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே என்று வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறார்கள். தோலை இழுத்துப் பிடித்து எதிர்வாக்கில் ஒட்ட வெட்டும்போது, விட்டவுடன் முடி நுனி தோலுக்கு அடியில் போய்விடுகிறது. சுருள் முடி நேராக வெளியே வராமல் பக்கச் சுவரைக் குத்திக்கொண்டு உள்ளேயே வளர்கிறது, உடம்பு அதை முள் குத்தியதாக நினைத்து வீங்குகிறது.

அதனால் மேலே நான் சொன்னதில் பாதியை நீங்கள் கேட்கக் கூடாது. தோலை ரொம்ப இறுக்காதீர்கள், முடி வாக்கில் ஒரே சுற்று, ரிவர்ஸ் என்ற வார்த்தையையே மறந்துவிடுங்கள். ஏற்கெனவே பொரிந்திருந்தால் மூன்று நான்கு வாரம் கத்தியை மூடி வைக்க வேண்டியிருக்கும். ஊசியால் கிளறாதீர்கள், நம் நிறத் தோலில் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும், சிலருக்குத் தழும்பு தடித்துவிடும். சீழ் வைத்தால் தோல் மருத்துவரிடம் போங்கள். இவ்வளவுக்குப் பிறகும் அடங்கவில்லை என்றால் கழுத்துக்கு மட்டும் டிரிம்மர் போட்டு ஒரு மில்லிமீட்டர் விட்டுவிடுவது தோல்வி ஒன்றும் இல்லை. என் நெருங்கிய நண்பர் ஒருவர் கன்னத்துக்குக் கத்தி, கழுத்துக்கு டிரிம்மர் என்று வைத்திருக்கிறார், நிம்மதியாக இருக்கிறார்.

கழுத்து நரம்பு அறுந்துவிடாதா?

எங்கள் அம்மா இன்னும் கேட்கும் கேள்வி. பெரிய ரத்தக் குழாய்கள் சதைக்கு அடியில் ஆழத்தில் இருக்கின்றன, சவரத்தில் கை தவறினால் விழுவது பெரும்பாலும் மேல்தோல் கீறல்தான். பயப்பட வேண்டியது கவனச்சிதறலுக்கு. கதவைத் தாழிட்டுக்கொள்ளுங்கள், குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டால் அவ்வளவுதான். ஃபோன் வெளியே இருக்கட்டும். கத்தி கை நழுவினால் பிடிக்கப் போகாதீர்கள், கால்களைப் பின்னால் எடுத்துக்கொண்டு விழ விடுங்கள். எனக்கு விழுந்த மோசமான வெட்டு கழுத்தில் இல்லை, விழுந்த கத்தியைப் பிடிக்கப் போன வலது உள்ளங்கையில்.

சின்ன வெட்டு என்றால் குளிர்ந்த தண்ணீர், அப்புறம் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்தம், மிச்சத்தைப் படிகாரம் பார்த்துக்கொள்ளும். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி மாத்திரை எடுப்பவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

சவரம் முடிந்ததும் என்ன போடுவது?

படிகாரம். நாட்டு மருந்துக் கடையில் கட்டியாகக் கிடைக்கும், கடை வாசலில் திருஷ்டிக்குக் கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்களே, அதேதான். கூர் முனைகளைத் தண்ணீரில் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவி, ஈரத்தோடு கட்டியைத் தடவி, ஒரு நிமிடம் விட்டுக் கழுவிவிடுங்கள். ரத்தப் பொட்டுகள் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அது முக்கியமாகத் தேவைப்படுவது வேறு காரணத்துக்கு: நீங்கள் எங்கே தப்புச் செய்தீர்கள் என்று படிகாரம் காட்டிக்கொடுத்துவிடும். ஒழுங்காக மழித்த இடத்தில் சும்மா சில்லென்று இருக்கும், அழுத்திய இடம், எதிர்வாக்கில் போன இடம் சுரீரென்று எரியும். அந்தத் தாள் கண்ணாடியில் இருந்த இரண்டு மாதமும் தினமும் எரிந்த இடத்தை அதில் குறித்து வைத்தேன், எந்த அம்புக்குறி தப்பு என்று அப்படித்தான் தெரிந்தது.

நறுமணத் தண்ணீர், ஸ்பிரிட் கலந்த லோஷன் எல்லாம் கழுத்துக்கு வேண்டாம் என்பேன், தோலை வறட்டிவிடும். வாசனையில்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் ஒரு சொட்டுப் போதும். இறுக்கமான காலர் போடுவதற்கு முன்னால் பத்து நிமிடம் பனியனோடு இருங்கள்.

கத்தி துரு பிடிக்காமல் வைப்பது எப்படி?

கடலோர ஊரில் இருந்தால் இது தலைவலிதான், கார்த்திகை மாதக் குளியலறையில் ஒரே ராத்திரியில் புள்ளி விழுந்துவிடும். கத்தியைக் குளியலறையில் வைக்காதீர்கள். பயன்படுத்தியதும் கழுவி, மெல்லிய தாளால் முதுகிலிருந்து கூர் நோக்கித் துடைத்து, பிடி மடங்கும் இடத்தில் தண்ணீர் நிற்காமல் பார்த்து, பத்து நிமிடம் திறந்து வைத்துவிட்டு மூடுங்கள். சில நாள் எடுக்கப் போவதில்லை என்றால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் பூசி வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகச் சிக்குப் பிடிக்கும்.

விமானத்தில் கொண்டுபோகலாமா?

கைப்பையில் முடியாது, பாதுகாப்புச் சோதனையில் வாங்கிப் போட்டுவிடுவார்கள். செக்-இன் பெட்டியில் வையுங்கள்.

சலூன்காரர் ஐந்தே நிமிடத்தில் கழுத்தை முடித்துவிடுகிறார், எனக்கு மட்டும் ஏன் இருபது நிமிடம்?

அவர் உங்களை நாற்காலியில் சாய்த்து, மேலே நின்று பார்க்கிறார். நீங்கள் கண்ணாடியில் இடவலம் மாறிய படத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு கையால் உங்கள் கண்ணையே மறைத்துக்கொண்டு செய்கிறீர்கள். அவர் சவரம் தொடங்குமுன் நுரை போடும்போதே விரலால் கழுத்தை இரண்டு தடவை தடவுவார், கவனித்திருக்கிறீர்களா? வாக்குப் பார்க்கிறார். நமக்கு இரண்டு நாளும் ஒரு தாளும் பிடித்த வேலை அவருக்கு இரண்டு நொடி. அடுத்த முறை போகும்போது கண்ணை மூடித் தூங்காமல், எந்த இடத்தில் கத்தியைத் திருப்புகிறார் என்று கவனியுங்கள், கேட்டால் சொல்லியும் கொடுப்பார். எனக்கு இடது பக்கத்தைச் சொல்லிக்கொடுத்தது எங்கள் தெரு சலூன் அண்ணன்தான்.

பிடரியை நானே கத்தியில் எடுக்கலாமா?

இரண்டு கண்ணாடி வைத்து ஒருமுறை முயன்றேன். கோடு வலது காதுக்கும் இடது காதுக்கும் நடுவே படிக்கட்டு மாதிரி இறங்கியது, ஆபீஸில் ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுத் திரிந்தேன். பிடரிக்கு அதே சலூன் அண்ணனிடம் போய்விடுகிறேன், புது பிளேடு போடச் சொல்லி. செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள், கடை லீவு.